வழிகாட்டிக் கருவியில் நம் ஊர்ப்பெயர்கள்

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள் நம் பெரியவர்கள். வழி தெரியாத ஊருக்குப் போனாலும் நாலு பேரிடம் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற துணிவு அதில் இருக்கிறது. இன்று நாம் யாரிடமும் வழி கேட்பதில்லை. காரில் ஏறியதும் போகவேண்டிய இடத்தைக் கைப்பேசியில் தட்டுகிறோம். “இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்” என்று ஒரு குரல் சொல்கிறது, திரும்புகிறோம். அந்தக் குரலுக்கு வழி சொல்லிக் கொடுத்தவர் யார்? இந்தக் கேள்வியைச் சற்றுத் தொடர்ந்து போனால், தமிழ் படிக்கும் நமக்கு அதில் ஒரு வேலை காத்திருப்பது புரியும்.

கார் வழிகாட்டியின் வரலாறு செயற்கைக்கோளில் தொடங்கவில்லை. 1981-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் ‘எலெக்ட்ரோ கைரோகேட்டர்’ என்ற கருவியை வெளியிட்டது. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதை அளந்து, திரையில் செருகிய ஒளிபுகும் வரைபடத் தாளின் மீது ஓர் ஒளிப்புள்ளியை அது நகர்த்தியது. தாளின் ஓரத்தை எட்டியதும் ஓட்டுநரே அடுத்த தாளைச் செருக வேண்டும்.

1985-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘ஈட்டாக்’ நிறுவனத்தின் கருவி வந்தது. அதன் வரைபடங்கள் ஒலிநாடாக்களைப் போன்ற நாடாக்களில் பதிவாகியிருந்தன. ஈட்டாக் என்பது பசிபிக் தீவு மாலுமிகளின் கடலோடும் முறை ஒன்றின் பெயர். படகு அசையாமல் நிற்பதாகவும் தீவுகளே தன்னைக் கடந்து நகர்வதாகவும் அம்மாலுமி மனத்தில் கொள்வான். அக்கருவியின் திரையிலும் காரைக் குறிக்கும் அம்பு ஓரிடத்தில் நிற்க, வரைபடம்தான் நகர்ந்தது. இன்று நம் கைப்பேசியில் காண்பதும் அதே காட்சிதான். புதிய கருவியைச் செய்தவர்கள் பழைய தீவு மக்களின் அறிவுக்கு அதில் பெயரளவிலேனும் இடம் கொடுத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் துணையோடு இயங்கும் கருவி 1990-இல் மஸ்டா நிறுவனத்தின் ‘யூனோஸ் காஸ்மோ’ காரில் பொருத்தப்பட்டது. ஆயினும் பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளிண்டன் அரசு அதை நிறுத்தியதும் துல்லியம் பத்து மடங்கு வரை கூடியது. அதன் பிறகே மலிவான கருவிகள் சாதாரண மக்களின் கார்களுக்கு வந்தன. 2009-இல் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இச்சேவையை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது.

செயற்கைக்கோள்தான் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அனுப்புவது தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் குறிக்கும் சமிக்ஞையை மட்டுமே. அந்தச் சமிக்ஞைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, கருவி தான் நிற்கும் இடத்தை அறிகிறது. அங்கே சாலை இருக்கிறதா, அது ஒருவழிச் சாலையா, அதன் பெயர் என்ன என்பதெல்லாம் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அவற்றை வரைபடத்தில் எழுதி வைப்பவர்கள் மனிதர்கள்.

அந்த மனிதர்கள் பெரிய நிறுவனங்களில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2000-களில் மலேசிய, சிங்கப்பூர் ஆர்வலர்கள் தாங்கள் சென்ற வழிகளைக் கருவியில் பதிந்து, ஒன்றுசேர்த்து, ‘மால்சிங்மேப்ஸ்’ என்ற பெயரில் இலவச வரைபடமாக வழங்கினார்கள். நம் நாட்டு ஓட்டுநர்களுக்கு நன்கு அறிமுகமான ‘வேஸ்’ செயலியின் வரைபடத்தையும் தன்னார்வலர்களே திருத்தி வருகிறார்கள். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் உலக வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கலாம்.

அப்படியானால் இந்த வரைபடங்களில் தமிழின் நிலை என்ன? கூகுள் வரைபடத்தின் குரல்வழிகாட்டலில் 2018-இல் தமிழும் சேர்ந்தது. 2021-இல் தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளில் இந்திய இடப்பெயர்களைத் தானாகவே ஒலிபெயர்க்கும் முறையும் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ரோமன் எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதும் கணினிக்கு நம் வழக்கு எப்படித் தெரியும்? அதே முறை நாளை நம் நாட்டுக்கும் வந்தால், கிள்ளான் ‘கிளாங்’ ஆகலாம். சிரம்பான் ‘செரெம்பன்’ ஆகலாம். பத்துமலை என்று தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் தலம் ‘பாத்து கேவ்ஸ்’ என்றே நிற்கலாம். பினாங்கின் தண்ணீர்மலையும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வட்டாரத்தை அந்நாளில் தமிழர் அழைத்த சுண்ணாம்புக் கம்பமும் எந்த ஒலிபெயர்ப்பிலும் கிடைக்க மாட்டா. அவை ஒலிபெயர்ப்புகள் அல்ல. இம்மண்ணில் வாழ்ந்தவர்கள் இட்ட பெயர்கள்.

ஊர்ப்பெயர்களுக்காவது செய்தித்தாளும் பாடநூலும் துணையிருக்கின்றன. தோட்டங்களின் நிலை வேறு. நிறுவனம் பெயர்ப்பலகையில் எழுதிய பெயர் ஒன்றாக இருக்க, தொழிலாளர்களின் வாயில் வழங்கிய பெயர் வேறாக இருந்த தோட்டங்கள் பல. துரையின் பெயரோ, ஆற்றின் பெயரோ, மரத்தின் பெயரோ அதற்கு அடிப்படையாக இருந்திருக்கலாம். அந்தத் தோட்டங்கள் பலவும் இன்று தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற புக்கிட் ஜாலிலும் முன்பு தோட்டமாக இருந்த இடமே. வழிகாட்டி நம்மைத் தேசிய விளையாட்டரங்கத்திற்கு நேராகக் கொண்டுபோய் விடும். அங்கே ஒரு தோட்டம் இருந்ததை நினைவூட்டுவது புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர்தான். தலைநகரில் இயங்கும் எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் இப்படி ஒரு சாட்சி. பள்ளிப் பெயரிலும் தங்காமல் வாய்வழக்கில் மட்டும் வாழ்ந்த பெயர்கள் எத்தனையோ! அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று நம் தாத்தா பாட்டிமார்கள். அவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

‘நமக்குத்தான் மலாயும் ஆங்கிலமும் தெரியுமே, தமிழ்ப்பெயர் எதற்கு? சாலைப் பலகையில் ஒன்றும் கருவியில் வேறொன்றும் இருந்தால் ஓட்டுநர் குழம்பமாட்டாரா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓரிடத்தின் முதன்மைப் பெயர் அப்படியே இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் தனிக்கட்டம் உண்டு, தமிழுக்கும் உண்டு. முன்னாளில் வழங்கிய பெயரைக் குறிக்கவும் ஒரு கட்டம் உண்டு. தமிழ்ப்பெயரை எழுதுவதால் மலாய்ப்பெயர் அழியப்போவதில்லை. அந்தக் கட்டத்தை நாம் காலியாக விட்டால், நம் வழக்கை அறியாத ஒருவரோ ஒரு கணினியோ அதை நிரப்பக்கூடும். பிறகு அதுவே ‘சரியான’ தமிழ்ப்பெயராக நம் பிள்ளைகளுக்குத் தோன்றும்.

எனவே நம் தமிழ்ச் சங்கத்தின் முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன். பட்டிமன்றமும் கலைவிழாவும் நடக்கட்டும். அவற்றோடு, வரும் நீண்ட விடுமுறையில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் குடும்பப் பெரியவர்களிடம் பத்து இடப்பெயர்களைக் கேட்டு எழுதி வரலாம். பெயர், அது குறித்த இடம், அதற்குச் சொல்லப்படும் காரணம், சொன்னவர் அங்கே வாழ்ந்த காலம் ஆகியவை போதும். நாமே புதிதாக மொழிபெயர்த்துப் பெயர் சூட்டக் கூடாது. மக்கள் வழங்கிய பெயரை மட்டுமே பதிய வேண்டும். இருவரேனும் உறுதிப்படுத்திய பெயர்களை வரைபடத்தில் சேர்க்கலாம். இடமே இல்லாமல் போய்விட்ட பெயர்களை அடுத்த ஆண்டு இம்மலரில் பட்டியலாக வெளியிடலாம். ஐம்பது பேர் ஈடுபட்டாலே ஐந்நூறு பெயர்கள் சேரும்.

படித்து முடித்து வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் உங்களில்தான் மிகுதி. அடுத்த முறை பெற்றோரைக் காரில் அழைத்துச் செல்லும்போது கருவியின் குரலைச் சற்று நிறுத்தி வையுங்கள். “இந்த இடத்தை அப்போது என்னவென்று சொல்வீர்கள்?” என்று அவர்களிடம் கேளுங்கள். சொன்னதை அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.