ஜாபிதாவில் பேரில்லாதவனுக்கு ஜனநாயகம் ஏது?

தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால், சென்னை ராஜா அண்ணாமலைபுரத்து மாடி வீடுகளில் உள்ள கனவான்கள் சிலர், "குப்பத்து ஜனங்கள் காசுக்கு ஓட்டுப் போடுகிறார்கள், அதனால்தான் நாடு கெட்டது" என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்த இடம் அடங்கிய தென்சென்னைத் தொகுதியில் 2024 பார்லிமெண்டு தேர்தலில் 100-க்குச் சுமார் 54 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அதே தேர்தலில் தர்மபுரியில் 100-க்கு 81 பேருக்கு மேல் போட்டார்கள். 2022 மாநகராட்சித் தேர்தலிலோ சென்னையில் 100-க்கு 44 பேர்கூட வரவில்லை. படிப்பிலும் பணத்திலும் உயர்ந்ததாகச் சொல்லிக் கொள்ளும் பட்டணத்தின் யோக்கியதை இது!

நிற்க, வராதவர்களை எல்லாம் சோம்பேறிகள் என்று தள்ளிவிடுவதும் அறிவுடைமையாகாது. வராதவர்களில் இரண்டு தினுசு உண்டு. பேர் இருந்தும் வராதவன் ஒருவன். தான் வசிக்கும் இடத்தில் பேரே இல்லாதவன் மற்றொருவன். முன்னவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். பின்னவனுக்குப் புத்தி சொல்லி என்ன பயன்? அவனுக்கு உதவியல்லவா செய்ய வேண்டும்?

2025 நவம்பர், டிசம்பரில் தமிழ்நாட்டு ஓட்டர் ஜாபிதா தீவிரமாகத் திருத்தப்பட்டபோது, 6 கோடியே 41 லட்சம் பேர்களில் சுமார் 97 லட்சம் பேர்கள் வரைவு ஜாபிதாவில் இல்லாமல் போயின. சென்னையில் மாத்திரம் 14 லட்சத்துக்கு மேல். செத்தவர் பேரும் இரட்டைப் பேரும் போக வேண்டியவைதான். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இந்த 97 லட்சத்தில் சுமார் 66 லட்சம் பேர், இடம் மாறியவர்கள் அல்லது விலாசத்தில் அகப்படாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள். உயிரோடிருக்கும் மனிதன் ஒரு தெருவில் இல்லையென்றால் வேறு தெருவில் இருப்பானே தவிர, வைகுண்டத்திலா இருப்பான்? அந்தத் தெருவில் அவன் பேர் ஏறியதா என்று கேட்பவர் யார்?

இடம் மாறுகிறவன் யார் என்றும் யோசிக்க வேண்டும். பணக்காரன் தானாக மாறுகிறான்; ஏழை மாற்றப்படுகிறான். இதே ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகள் 2022 மே மாதத்தில் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து மாண்டார். சென்னைக் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பெரும்பாக்கத்திற்கும், செம்மஞ்சேரிக்கும், கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். மயிலாப்பூர்த் தொகுதியில் இருந்தவன் சோழிங்கநல்லூர்த் தொகுதிக்காரன் ஆகிவிடுகிறான். வீடு போய், வேலை போய், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போய்த் தவிக்கிறவனுக்கு 8-ஆம் நமூனா என்று ஒன்று உண்டு என்பது எப்படித் தெரியும்? எந்தச் சர்க்காரைக் கேள்வி கேட்க அவனுக்கு ஓட்டு வேண்டுமோ, அந்த ஓட்டே அவன் கையைவிட்டுப் போய்விடுகிறது.

ஓட்டு நமக்குத் தலைவிதியால் வந்ததல்ல. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதன்முதல் பெண்களுக்கு ஓட்டுரிமை அளித்தது சென்னை மாகாணம். ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை இருந்த 1921-ஆம் வருஷத்தில். அப்பொழுதும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைத்தபின் நடந்த முதல் பொதுத் தேர்தலில், வடநாட்டில் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மாத்திரம் பதிந்ததால் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டார்கள். சட்டம் கொடுத்ததை வழக்கம் பிடுங்கிக் கொண்டது.

அமெரிக்காவில் நீக்ரோ மக்களை எழுத்துப் பரீட்சை வைத்து ஓட்டிலிருந்து விலக்கிய தென் மாகாணங்களில், செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை முதலியோர் 1957 முதல் பிரஜைப் பள்ளிக்கூடங்கள் நடத்தி, வயதானவர்களுக்கு எழுத்தும் மனுப் பூர்த்தி செய்யவும் கற்பித்தார்கள். 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்ததற்கு அப்படிப்பட்ட வேலையும் காரணம்.

நம் சங்கங்கள் என்ன செய்கின்றன? மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம் என்றால் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு மோரும் பானகமும் வார்க்கிறார்கள். கல்லுக்கு ஊர்வலம் நடத்தப் பந்தல் போட முடிந்தவர்களுக்கு, மனிதனுக்கு உரிமை தேடப் பந்தல் போட முடியாதா?

செய்யத்தக்கது கஷ்டமானதல்ல. தெருவுக்கு இருவர் ஜாபிதாவை எடுத்துக் கொண்டு, வேலையிலிருந்து ஜனங்கள் திரும்பும் மாலை நேரத்தில் வீடுவீடாகப் படித்துக் காட்ட வேண்டும். புதிதாகச் சேர 6-ஆம் நமூனா. இடம் மாறினாலும் பிழை இருந்தாலும் 8-ஆம் நமூனா. ஆனால் கட்டுக்கட்டாக மனுக்களைச் சங்கமே கொண்டுபோய்க் கொடுக்க விதியில்லை. எழுதி உதவலாம், கொடுக்க வேண்டியவர் அவரவரே. மனுவின் எண்ணைக் குறித்து வைத்து, பேர் ஏறும் வரை விடாமல் கேட்க வேண்டும். 17 வயதானவர்கள் முன்கூட்டியே மனுப் போடலாம் என்பதைப் பள்ளிகளில் சொல்ல வேண்டும். நடைபாதையில் படுப்பவனுக்கும் ஓட்டு உண்டு. விலாசத்திற்கு அத்தாட்சி வேண்டியதில்லை. அவன் அங்கே படுக்கிறானா என்று அதிகாரி இரவில் வந்து பார்த்தால் போதும்.

மாடி வீட்டுச் சங்கங்களுக்கும் வேலை உண்டு. தொழில், வியாபார ஸ்தாபனங்களில் வேலை செய்பவர்களுக்கு ஓட்டு நாளில் சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்று 1951-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு கூறுகிறது. சமையற்காரிக்கும், பாத்திரம் தேய்ப்பவளுக்கும், காவற்காரனுக்கும் அன்று லீவு கொடுத்துவிட்டு, ஒரு வேளை தாங்களே பாத்திரம் கழுவிக் கொண்டால் குடி முழுகிப் போகாது.

ஒரு எச்சரிக்கை: இவ்வேலை செய்கிறவர்கள் யாருக்கு ஓட்டு என்று வாய் திறக்கக் கூடாது. காசு கூடாது, அபேட்சகரின் வண்டியில் ஓட்டரை ஏற்றக் கூடாது, அது சட்டப்படி ஊழல் குற்றம். நம் கட்சிக்குப் போடாதவன் பேரையும் நாமே ஏற்றித் தருவதுதான் சுயமரியாதை. அவன் புத்தியை அவன் உபயோகிக்கட்டும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் தேர்தல் வரும்வரை காத்திராமல், இந்த மாதமே தன் தெரு ஜாபிதாவைக் கையில் எடுக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம். ஏழை ஓட்டை விற்கிறான் என்று பேசுகிறவர்கள், முதலில் அவனுக்கு ஓட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.