வழுவும் வழுவமைதியும்

கணினியர் ‘பக்’ என்று வழங்கும் குறைபாட்டுக்குத் தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் ‘வழு’ என்னும் சொல்லை எடுத்தாண்டனர். எண்ணித் தேர்ந்தார்களோ, இயல்பாக வாய்த்ததோ, அச்சொல் தனியே வரவில்லை. தன் சுற்றத்தையும் உடன் அழைத்து வந்துவிட்டது. இலக்கணம் பயின்றோர் அச்சுற்றத்தை நன்கறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழிடத்து வழு நேரும். நேராதது வழாநிலை. நேர்ந்தும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வீடு திரும்பும் பசுவைப் பார்த்து ‘என் தாய் வந்துவிட்டாள்’ என்று உழவர் ஒருவர் சொன்னால் அது திணைவழுதான். ஆயினும் உவகை பற்றி வந்தமையால் இலக்கணம் அதைத் தள்ளுவதில்லை.

இந்த மூன்று சொற்களையும் நிரல்மொழிகளின் உலகிற்குக் கொண்டுசென்று, அங்கே கிடப்பில் கிடக்கும் ஒரு வழுவைக் குறித்து நமக்குத் தோன்றுவதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அது தமிழெழுத்தைப் பற்றிய வழு. ஆகவே அதைக் கணினியர் பாடு என்று தமிழ் படித்தோர் ஒதுக்கிவிட முடியாது.

கட்டற்ற மென்பொருளாக வளரும் பைத்தான், பெர்ல், ரூபி போன்ற நிரல்மொழிகளில் வழுவைக் கண்டவர் எவராயினும் முறையிடலாம். பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. முறையீட்டுக்கு ஓர் எண் தரப்படும். அதன் கீழ் விவாதம் நடக்கும். மூலநிரல் எல்லோர்க்கும் திறந்திருப்பதால் வல்லவர் திருத்தத்தையும் எழுதித் தரலாம். மொழியைக் காக்கும் குழுவினர் அதைச் சோதித்து ஏற்பர், அல்லது மறுப்பர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களின் பணியை அறிந்தோர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

இனி அவ்வழுவைப் பார்ப்போம். பைத்தான் 1991இல் கீடோ வான் ராசம் வெளியிட்ட மொழி. இன்று அது கல்லூரிகளில் மட்டுமின்றி, தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் பாடநூலிலும் இடம்பெற்றுள்ளது. உரைகளில் சொற்களைத் தேடிப் பிரிப்பதற்கு அதில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும் தேடுகுறிகள் உண்டு. அவற்றுள் ‘சொல்லில் வரத்தக்க எழுத்து’ என்று பொருள்படும் குறியொன்று, பின்சாய்ந்த கோட்டையும் டபிள்யூ என்னும் எழுத்தையும் சேர்த்து எழுதப்படுவது. ஓர் உரையைக் கொடுத்து, ‘இதிலுள்ள சொற்களைத் தனித்தனியே எடுத்துத் தா’ என்று கேட்க விழையும் எவரும் முதலில் கைநீட்டுவது இக்குறியை நோக்கித்தான்.

‘தமிழ்’ என்னும் சொல்லை அதனிடம் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்னும் இரண்டு துண்டுகள் திரும்பி வருகின்றன. இகரக் கொக்கியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல. ஆகவே அவை வருமிடத்திலெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக அது கொள்கிறது. நாம் வாழும் தேவிகாபுரத்தைக் கொடுத்தால் ‘த’, ‘வ’, ‘க’, ‘ப’, ‘ரம’ என ஊர் ஐந்தாக உடைகிறது. ஆரணி வட்டாரத்து ஊர்களுக்குச் சோறு போடும் நெசவைக் கொடுத்தால் ‘ந’ தனியே விழ, மிஞ்சுவது ‘சவ’. பட்டு ‘பட’ என்றும் ‘ட’ என்றும் கிழிகிறது. புள்ளி என்ற சொல்லோ ‘ப’, ‘ள’, ‘ள’ எனப் பொடிந்து போகிறது.

காரணம் மறைபொருள் அன்று. 1991 முதலே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறியில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய் ஓரிடத்திலும், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிகளும் புள்ளியும் வேறிடங்களிலும் உள்ளன. முன்னது ‘எழுத்து’ என்னும் வகையைச் சேரும்; பின்னவை ‘ஒட்டுக்குறி’ என்னும் வகையைச் சேரும். பைத்தானின் தேடுகுறி முதல் வகையையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லுக்குரியவையாகக் கொள்கிறது. ஆங்கிலத்தில் ஒட்டுக்குறி இல்லாமலே சொற்கள் அமைவதால் அங்கே இக்குறை தட்டுப்படுவதில்லை. தமிழிலோ அகர உயிர்மெய் ஒழிந்த ஏனைய உயிர்மெய்யும், புள்ளி பெற்ற மெய் எல்லாமும் இதில் சிக்குகின்றன.

ஒருங்குறியின் அமைப்பையே குறைசொல்வார் உளர். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு, எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்ததன் பின்னே அக்கருத்து இருந்தது. அவ்விவாதத்தில் இங்கே இறங்க வேண்டியதில்லை. ஏனெனில் ஒருங்குறிக் கூட்டமைப்பே, தேடுகுறிகளைப் பற்றிய தன் 18ஆம் எண் தொழில்நுட்ப அறிக்கையில், ஒட்டுக்குறிகளும் சொல்லுக்குரியவை என்றே வழிகாட்டுகிறது. பெர்ல் மொழி அவ்வாறே செய்கிறது. 2015இல் கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிடப்பட்ட ஸ்விஃப்ட் மொழியில் ‘தமிழ்’ என்பதற்கு எத்தனை எழுத்து என்று கேட்டால், பள்ளிப்பிள்ளை சொல்வதைப் போலவே மூன்று என்று விடை வருகிறது. அதே கேள்விக்குப் பைத்தான் தரும் விடை ஐந்து.

பைத்தானுக்குள்ளேயே முரண்பாடு இருப்பதுதான் வியப்பு. 2008 திசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பு முதல், நிரலில் வரும் பெயர்களை ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் எழுதலாம். ‘தமிழ்’ என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டால் அம்மொழி மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ‘இச்சொல் முழுவதும் எழுத்துகளால் ஆனதா?’ என்று அதே மொழியிடம் கேட்டால் ‘இல்லை’ என்கிறது. வாயிலில் வரவேற்ற வீட்டார் பந்தியில் இலைபோட மறுப்பதைப் போன்றது இது.

இதை எவரும் முறையிடவில்லையா? முறையிட்டனர். 2007இல் தேவநாகரி உரையை எடுத்துக்காட்டி, சொற்கள் துண்டுதுண்டாக வெட்டுப்படுகின்றன என்று ஒரு முறையீடு பதிவாயிற்று. 2011இல் பெர்ல் மொழி நூலாசிரியர்களுள் ஒருவரான டாம் கிறிஸ்டியான்சன், ஒருங்குறியின் வழிகாட்டலுக்கு மாறாக இக்குறி இயங்குவதை விரிவான சான்றுகளுடன் மீண்டும் பதிந்தார். பைத்தானின் முறையீடுகள் அனைத்தும் 2022இல் கிட்ஹப் தளத்துக்கு இடம்பெயர்ந்தபோது இவையும் உடன் பெயர்ந்தன. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13 பதிப்பிலும் ‘தமிழ்’ இரண்டாகவே வெட்டுப்படுகிறது. முதல் முறையீட்டுக்கும் அப்பதிப்புக்கும் இடையே 17 ஆண்டுகள்.

மொழியைக் காப்போர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இக்குறியின் பழைய பொருளை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொருளைத் திடீரென்று மாற்றினால் அவற்றுள் எது எங்கே முறியும் என்று எவராலும் கணிக்க இயலாது. அவர்களுள் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். மேலும் மாத்யூ பார்னெட் எழுதிய ‘ரெஜெக்ஸ்’ என்னும் மாற்று நிரல்தொகுதியைத் தனியே நிறுவிக்கொண்டால் சொற்கள் முழுமையாகவே கிடைக்கின்றன. வழு இருக்கிறது, காரணமும் இருக்கிறது, ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே இதன் சாரம். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் வழுவமைதி.

இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். வழுவமைதிக்கு நன்னூலார் காரணங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார். திணையும் பாலும் மயங்குவதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு என்னும் ஐந்து. ‘நெடுங்காலமாகத் தவறாக இருந்துவிட்டது’ என்பது அவ்வைந்தனுள் இல்லை. அன்றியும் வழுவமைதி என்பது அம்மொழியைப் பேசுவோரின் வழக்கில் பிறப்பது. பேசுவோர் ஏற்றதையே இலக்கணம் ஏற்கிறது. புள்ளியை எழுத்தன்று எனத் தள்ளும் வழக்கம் தமிழ் பேசுவோரிடையே பிறந்ததன்று. அதைத் தமிழர் எவரும் அமைதி கூறி ஏற்றதும் இல்லை. இவ்வழு பேசப்படாமையால் நிலைத்திருக்கிறது.

எந்த வழு விரைவில் திருத்தப்படுகிறது என்பதையும் நோக்குக. 2018 பிப்ரவரியில் தெலுங்கின் கூட்டெழுத்து ஒன்று ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிச் செயலிகளை முடக்கியது. அது கட்டற்ற மென்பொருள் அன்று. ஆயினும் அம்மாதமே திருத்தம் வந்துவிட்டது. தெலுங்கு அறியாதவர் கைப்பேசியும் முடங்கியதே காரணம் எனல் பிழையாகாது. நம் சொல் வெட்டுப்படும்போது எவருடைய கருவியும் முடங்குவதில்லை. விடை ஒன்று வந்துவிடுகிறது; அது தவறான விடை என்பதைத் தமிழ் அறிந்தவரே அறிய முடியும்.

இதன் விளைவைத் தமிழாய்வில் வைத்துப் பார்க்கலாம். சங்கப் பாடல்களுக்குக் கணினிவழிச் சொல்லடைவு செய்யப் புகும் ஆய்வு மாணவர் ஒருவர், இக்குறியை நம்பி நிரல் எழுதினால், ‘தம’ என்னும் துண்டும் ‘தம’ என்னும் உண்மையான சொல்லும் ஒரே எண்ணிக்கையில் கலந்துவிடும். ‘தறி’யும் ‘தறு’வும் ‘தற’ என்று ஒன்றாகிவிடும். பட்டியல் நீளமாக இருக்கும், எண்கள் துல்லியமாகத் தோன்றும், ஆய்வேடும் தடித்த அட்டையுடன் உருவாகும். அடியிலுள்ள பிழை எவர் கண்ணுக்கும் படாது.

இக்குறையைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைத் தமிழர் சிலர் செம்மையாகவே அமைத்துள்ளனர். முத்து அண்ணாமலை 2007 தொடங்கி உருவாக்கி, 2013இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி பைத்தான்மீதே கட்டப்பட்டது. அதில் ‘பதிப்பி’, ‘பின்கொடு’, ‘முடி’ என்பன கட்டளைச் சொற்கள். நிபந்தனை முன்னே வர, ‘ஆனால்’ என்னும் சொல் தமிழ்த் தொடரின் இயல்புப்படி அதன் பின்னே வருகிறது. அவரும் அவரோடு உழைத்தவர்களும் ஆக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுதி, ஒரு சொல்லைத் தமிழெழுத்துகளாகச் சரியாகப் பிரித்துத் தருகிறது. தமிழ் நெடுங்கணக்கின் வரிசையில் சொற்களை அடுக்கவும் உதவுகிறது. இப்பணிகளுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

எனினும் மூலத்தில் வழு இருக்க, ஒவ்வொருவரும் அதன் வெளியே ஒட்டுப்போடுவது போதாது. இதை எம் ஊரார்க்கு விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் கரையின் உருவைத் துளையிட்ட அட்டைகள் ஆள்கின்றன. அட்டையில் ஒரு துளை தவறினால், அவ்வுரு மீண்டும் வரும்போதெல்லாம் அதே தவறு சேலையில் விழும். நெய்து முடித்த சேலையில் ஊசிகொண்டு ஒன்றிரண்டைச் சரிக்கட்டலாம். அடுத்த சேலைக்கும் அதற்கடுத்த சேலைக்கும் யார் ஊசி பிடிப்பது? அட்டையைத் திருத்தவேண்டும். நிரல்மொழியின் மூலநிரல் அந்த அட்டை. அதிலும் இது திறந்து கிடக்கும் அட்டை.

புள்ளிக்கு இது முதல் இழப்பும் அன்று. மெய் புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியம் நூன்மரபிலேயே சொல்லிவிட்டது. ஆயினும் ஓலையில் எழுதியோர் புள்ளியை இடாது விட்டனர். புள்ளியில்லா எழுத்துகளை வைத்துக்கொண்டு மெய் எது, உயிர்மெய் எது, எகரம் எது, ஏகாரம் எது என்று பொருளாலும் யாப்பாலும் தேர்ந்து, அச்சில் புள்ளியை மீட்டுத் தந்தவர்கள் சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட ஐயர், அவற்றைப் பின்னரும் திருத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். அச்சில் மீண்ட புள்ளி கணினியில் மீண்டும் உதிரும்போது, அதைச் சுட்டுவது அம்மரபின் தொடர்ச்சியே.

கணினியுலகிலும் பிழை சுட்டுவோர்க்கு மதிப்புண்டு. டொனால்ட் கனூத் தம் நூலில் பிழை கண்டு தெரிவித்தவர்க்கு 2.56 டாலருக்குக் காசோலை எழுதி அனுப்பினார். பெற்றவர்களுள் பலர் அதைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர். நிரல்மொழி ஒன்றுக்கு வழு முறையீடே வரவில்லையென்றால் அதில் வழு இல்லை என்று கொள்வதைவிட, அதைக் கூர்ந்து பயன்படுத்துவோர் இல்லை என்று கொள்வதே பொருத்தம்.

நல்ல முறையீடு என்பது கோபக் கடிதம் அன்று. எந்தப் பதிப்பில், எந்த உள்ளீட்டுக்கு, எவ்விடை வந்தது, எவ்விடை வரவேண்டும், ஏன் என்னும் ஐந்தும் அதில் இருந்தால் போதும். உள்ளீடு இயன்றவரை சிறிதாக இருக்க வேண்டும்; ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே போதுமானது. இவற்றுள் முதல் மூன்றைக் கணினி மாணவர் தருவார். வரவேண்டிய விடையையும் அதற்குரிய காரணத்தையும் தரவல்லவர் தமிழ் படித்தவர். ‘ஸ்ரீ’ என்பது ஒருங்குறியில் இருவேறு விதமாக எழுதப்படுவது, ஆய்தம் எழுத்தாகவே கொள்ளப்பட வேண்டுவது, ஔகாரக் குறியும் ளகரமும் கண்ணுக்கு மயங்குவது, வகரம் ழகரத்துக்கு முன்னே வரவேண்டிய நெடுங்கணக்கு வரிசையைக் கணினியின் எண்வரிசை பிறழ்த்துவது ஆகியவை நிரலாளர்க்கு எளிதில் புலப்படமாட்டா.

எனவே நாம் வேண்டுவது இதுவே. கல்லூரித் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் சேர்ந்து நூறு சொற்கள் கொண்ட சோதனைப் பட்டியல் ஒன்றை உருவாக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தெண்ணிக்கை, பிரிப்பு, வரிசை ஆகியவற்றின் சரியான விடையை எதிரே எழுதி, எவரும் எடுத்தாளும்படி கட்டற்ற உரிமத்தில் வெளியிடலாம். பைத்தானின் புதிய பதிப்பு வருந்தோறும் அப்பட்டியலை ஓட்டிப் பார்க்கலாம். பழைய பொருளை உடைக்காமல், விரும்புவோர் மட்டும் தேர்ந்துகொள்ளும் புதிய குறியாக இத்திருத்தத்தைச் சேர்க்கலாம் என்று, சான்றுடன் 2007இன் அம்முறையீட்டின் கீழேயே எழுதலாம். ஏற்பதும் மறுப்பதும் காப்போர் உரிமை. மறுத்தால் காரணம் கேட்கலாம். அக்காரணம் பொதுவில் பதிவாகும். அதன்பின் அதை வழுவமைதி என்று ஒப்புவதா, வழுவே என்று மேலும் வாதாடுவதா என்பதை இலக்கணம் பயின்றோர் கூடித் துணியலாம்.