பிழையிற் பிறந்த சொல்லும் செம்மையிற் பிறந்த ஊரும்

செந்துறைக் கடைத்தெருவில் முந்திரிக் கொட்டைக்கு விலை பேசி முடிக்கும் உழவர் வாயிலும், பள்ளி செல்லும் சிறார் வாயிலும், தொலைபேசியை வைக்கும் தாய்மார் வாயிலும் இன்று ஒலிப்பது 'ஓகே' என்னும் ஒலியே. அது நாகரிகத்தின் அடையாளமென்று கருதுவாரும் உளர். ஆயின், அதன் பிறப்பை ஓர்ந்து பார்த்தார் எத்துணைப் பேர்?

அச்சொல்லுக்கு உரிமை கொண்டாடிய மொழிகள் பல. 'அஃது அவ்வாறே' எனப் பொருள்படும் அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் சொல்லே அது என்றனர் ஒரு சாரார். குடியரசுத் தலைவராயிருந்த உட்ரோ வில்சனும் அக்கருத்தினரே. 'எல்லாம் நன்று' என்னும் கிரேக்கத் தொடரே என்றனர் வேறு சிலர். மேலை ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோர் வழி வந்ததென்பார் இன்னொரு சாரார்.

இப்பூசலைத் தீர்த்தவர் ஆலன் வாக்கர் இரீடு என்னும் அமெரிக்கப் பேராசிரியர். பழைய நாளிதழ்களைத் துருவி ஆய்ந்து, 1963, 1964 ஆம் ஆண்டுகளில் அவர் தம் முடிவை வெளியிட்டார். 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழைபட எழுதி, அப்பிழையின் முதலெழுத்துகளை மட்டும் வைத்து நகையாடுவது அந்நாளைய பாசுட்டன் இதழாளர் வழக்கம். அவ்வகையில் 1839 மார்ச்சு 23-இல் பாசுட்டன் நாளிதழொன்றில் அச்சேறியதே 'ஓகே'. 1840 தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனுக்கு அவர் ஊரான கிண்டர்குக்கின் பெயரால் வழங்கிய பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் அவையேயாக, அவர் கட்சியினர் அதனை முழக்கமாக்கினர். தலைவர் தோற்றார், சொல் வென்றது!

தமிழர்க்கு இதில் இரு பாடங்கள் உள. ஒன்று, வேர்ச்சொல் காண்பார் விழைவைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஒலி ஒத்தது கொண்டே உலகச் சொல்லெல்லாம் தமிழென்பார், பாவாணர் 1974-இல் பொறுப்பேற்ற சொற்பிறப்பியல் அகரமுதலிப் பெரும்பணிக்கே இழுக்குத் தேடுவோர் ஆவர். மெய்யான தமிழ்ச்சொற்கள் குவிந்து கிடக்கப் பொய்ப்பெருமை எதற்கு?

மற்றொன்று இதனினும் பெரிது. இசைவுக்குச் 'சரி', வாக்குறுதிக்கு 'ஆகட்டும்', பாராட்டுக்கு 'நன்று', நிறைவுக்குப் 'போதும்', நலம் வினவினார்க்கு 'நலமே', விடைபெறுங்கால் 'வருகிறேன்'. இத்துணைப் பொருள் நயங்களையும் ஒற்றை ஒலி விழுங்கிவிட்டது. 'ஆகட்டும்' என்றவன் சொன்னதைச் செய்யக் கடமைப்பட்டான். 'ஓகே' என்றவன் எதற்குக் கடமைப்பட்டான்? சொல் தேயுமிடத்து எண்ணமும் தேயும். அயற்சொல் என்பதனாலன்று, நம் சொற்களைக் கொல்வதனாலேயே அது விலக்கத்தக்கது.

செந்துறை, செம்மை என்னும் அடையைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். சிவப்பு மட்டுமன்று, நேர்மையும் திருத்தமும் செம்மையே. எழுத்துப் பிழையைக் கொண்டு 'எல்லாம் சரி' என்று சொல்ல வேண்டிய வறுமை அவ்வூர்க்கு இல்லை. கடைத்தெருவில் நாளை விலை படியும்போது 'ஆகட்டும்' என்று ஒருவர் சொல்லட்டும். கேட்டவரும் 'சரி' என்பார். மொழிமீட்பு அங்கே தொடங்கும்.