பொதியமலைக்கு வழி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் இளைஞர் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தார். பிறந்தது முதல் நாள்தோறும் மேற்கே பார்த்துப் பழகிய அகத்தியர் மலையில் ஒருமுறையேனும் ஏறிவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ‘எங்கள் ஊர்த் தலைமாட்டில் நிற்கிற மலைக்கு எங்கள் ஊர் வழியாகப் போகக் கூடாதாம், திருவனந்தபுரம் சுற்றித்தான் போக வேண்டுமாம். இது என்ன நியாயம் ஐயா?’ என்று மனம் நொந்து கேட்கிறார். இதே கேள்வியை நானும் பல ஆண்டுகள் சுமந்து திரிந்தவனாதலால், அவருக்கு எழுத வேண்டிய மறுமொழியை இந்த வாரம் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

பொதியில் என்றும் பொதிகை என்றும் நம் முன்னோர் போற்றிய அம்மலை, உயரம் ஒன்றினால் மட்டும் பெருமை பெற்றதன்று. அதன் சிகரம் 1868 மீட்டர். கொடைக்கானல் ஊரே அதைவிட உயரத்தில் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டமும் திருவனந்தபுரம் மாவட்டமும் கூடும் எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக்குச் சமீபமாக, கூம்பிய கரங்களைப் போல அது தனித்து எழுந்து நிற்கிறது. கிரேக்க பூகோள ஆசிரியர் தாலமி குறித்துள்ள ‘பெட்டிகோ’ என்னும் மலை இதுவே என்று கால்டுவெல் கருதினார். திருவிதாங்கூர் மன்னரின் வான் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவந்த ஜான் ஆலன் புரூன், 1855-இல் இதன் உச்சியிலேயே ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். புராணிகரும் புலவரும் விஞ்ஞானியும் ஒரே கொடுமுடியை நாடிச் சென்றது வியப்புக்குரியது.

எனினும் அம்மலையின் முதன்மையான சிறப்பு அது பெய்விக்கும் நீரே. தென்மேற்குப் பருவத்தின் மேகத்தையும் வடகிழக்குப் பருவத்தின் மேகத்தையும் ஒருங்கே தடுத்து நிறுத்தும் பேறு அதற்கு வாய்த்திருக்கிறது. மேற்கே இறங்கும் நீர் நெய்யாறாகிறது. கிழக்கே பூங்குளம் என்னும் சுனையில் தோன்றும் நீர் தாமிரபரணியாகி, வாணதீர்த்தத்தில் விழுந்து, காரையாற்று அணையில் தங்கி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. பிறப்பிடமும் முடிவிடமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த பெரிய ஆறு இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், கேரள வனத்துறையின் அனுமதி பெற்று, போனக்காட்டிலிருந்து நான் அம்மலைக்குப் போனேன். தையிலும் மாசியிலுமாகச் சில வாரங்களே அந்தப் பாதை திறக்கப்படும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரையறையும் உண்டு. முதல் நாள் காட்டுக்குள் நெடுந்தூரம் நடந்து அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் சிகரம் ஏறி இறங்கி, மூன்றாம் நாள் திரும்ப வேண்டும். பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த இந்த யாத்திரை, 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், 2019 முதல் அவர்களுக்கும் உரியதாயிற்று.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரர் குலத்துப் பெரியவர். யானை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதை ஒடிந்த ஈற்றை மூங்கிலைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். இருவாட்சி பறக்கும் சிறகோசை எங்கள் செவிக்கு எட்டுமுன்பே நின்று மேலே பார்ப்பார். 1987-இல் இம்மலைக்கு வந்த தாவரவியல் அறிஞர்கள் களைத்து விழுந்தபோது, உடன்சென்ற காணிக்காரர் சோர்வின்றி நடந்தது, அவர்கள் மென்றுவந்த ஒரு சிறு செடியின் காயினால் என்று தெரியவந்தது. ‘ஆரோக்கியப் பச்சை’ என்று இன்று உலகம் அறிந்த மூலிகை அதுதான். அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து செய்யப்பட்டு, அதனால் வந்த உரிமைத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. அறிவைத் தந்தவருக்குப் பங்கு தர வேண்டும் என்ற நீதிக்கு உலகில் முதலில் காட்டப்படும் உதாரணங்களுள் அதுவும் ஒன்று.

சிகரத்தை நெருங்க நெருங்க மரங்கள் குறுகின. காற்றுக்கு அஞ்சிக் குனிந்தவை போல ஆள் உயரத்துக்கே வளர்ந்து நின்ற அம்மரங்களின் அடி முதல் கிளை வரை, விரற்கடை கனத்துக்குப் பாசி போர்த்திருந்தது. மழை பெய்து பல நாளாகியிருந்தும், ஒரு கிளையின் பாசியை நான் மெல்ல அழுத்தியபோது, விரலிடுக்கில் நீர் கசிந்து மணிக்கட்டு வரை ஓடியது. மேகத்தைப் பிடித்து வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகிற அந்தப் பசிய பஞ்சே ஆற்றின் கருவூலம் என்பது அப்போது விளங்கிற்று. அடுத்த கணமே வேறொன்றையும் கண்டேன். பாதையோரத்தில், ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கிளைகளில் மட்டும் பாசி இல்லை. அவை கைபட்டுக் கைபட்டு, கோயில் தூணைப் போல வழவழவென்று மின்னின. அந்தக் கிளைகளைத் தேய்த்தவர்கள் தீயவர் அல்லர். அகத்தியரை வணங்க வந்த பக்தர்களும் என் போன்றவர்களுமே.

இம்மலையில் மட்டுமே வளர்ந்ததாக அறியப்பட்ட ஆர்க்கிட் மலர் ஒன்றுண்டு; பாதுகையின் முனை போலக் குவிந்த இதழும் பொன்னிறமும் உடையது. 1865-இல் கர்னல் ட்ரூரி அதனைக் கண்டெடுத்தார். பிறகு கண்ணுக்குத் தென்படாமலே இருந்து, 1972-இல் மீண்டும் காணப்பட்டது. காணப்பட்டதே அதற்குக் கேடாயிற்று. விலைக்கு விற்பதற்காக வேரோடு பெயர்த்தெடுத்தார்கள். மறைந்திருந்த வரையில் அது பிழைத்திருந்தது.

நண்பரே, உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாபநாசம் வழி அடைபட்டிருப்பதை அநியாயம் என்கிறீர்கள். முன்பு நானும் அப்படித்தான் எண்ணினேன். அவ்வழி முண்டந்துறையின் உட்காட்டை ஊடறுத்துச் செல்வது. 1988 முதல் அது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. பாபநாசத்துப் படித்துறையில் தோஷம் கழியும் என்று ஆற்றில் விடப்படும் துணிமூட்டைகளை நீங்கள் நாளும் காண்கிறீர்கள். அடிவாரத்தில் நம் பக்தி இவ்வாறு இருக்கும்போது, அதே பக்தியை ஆயிரமாயிரமாகப் பூங்குளத்துக்கு ஏற்றிவிட்டால் ஆற்றின் கதி என்ன ஆகும்? அந்தப் பக்கத்துப் பாசியை ஒருவரும் தொடாதிருப்பதனாலன்றோ, சித்திரை வெயிலிலும் உங்கள் ஊர்ப் பாலத்தின் கீழ் நீர் ஓடுகிறது?

ஆகையால் கேரளத்து வழியில் அனுமதி கிடைக்கும் ஆண்டில் அவசியம் போய் வாருங்கள். கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள். வழிகாட்டும் காணிக்காரர் சொல்லைக் கேளுங்கள். செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்தே ஏறுங்கள். கிளைகளைப் பிடிக்க வேண்டாம்.