காசு கொடுத்தால் பிழையை ஒப்புக்கொண்டதா?

ஸ்காபரோவில் தேத்தண்ணிக் கடையிலும் கலியாண மண்டபத்திலும் இன்னும் காதில் விழுகிற கதை இது: "ஊசி நல்லதெண்டால் அரசாங்கம் ஏன் நட்டஈடு குடுக்குது? பிழையை ஒப்புக்கொண்டிட்டாங்கள்தானே!"

இப்படிச் சொல்பவர்களில் பலர் கார் விபத்துக்குக் க்ளெய்ம் போட்டவர்கள். ஒன்ராறியோவில் விபத்து யாருடைய பிழை என்று பாராமலே காயப்பட்டவரின் சிகிச்சைக்குக் காப்புறுதி பணம் தருகிறது. அந்தக் காசு வந்தபோது, கார் ஓடுவதே நாசம் என்று கொம்பனி ஒப்புக்கொண்டதாக எவரும் சொல்லவில்லை.

கனடா அரசின் தடுப்பூசிப் பாதிப்பு ஆதரவுத் திட்டமும் அந்த வகைதான். யார்மேலும் பிழை சொல்ல முடியாத இடத்துக்கென்றே வந்த ஏற்பாடு. அதன் வேர் கியூபெக்கில் இருக்கிறது. அங்கே சின்னமுத்து ஊசி போட்ட ஒரு சிறுமிக்கு மூளை அழற்சி வந்து நிரந்தரப் பாதிப்பாயிற்று. கீழ் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 1985 இல் உச்ச நீதிமன்றம், தவறு இல்லாத இடத்தில் அரசுக்குச் சட்டப்படி பொறுப்பும் இல்லை என்று கைவிரித்தது. அதே ஆண்டு கியூபெக் நட்டஈட்டுக்குச் சட்டம் இயற்றியது. நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ உட்பட மற்ற மாகாணங்களுக்கு 2021 ஜூனில் இந்தத் திட்டம் வந்தபோதுதான் விடிந்தது.

"ஆயிரக்கணக்கில் முறைப்பாடு இருக்கே?" இருக்கிறது. 2024 ஜூன் வரை 2,628 விண்ணப்பங்கள்; மருத்துவர் குழு ஏற்றவை 183. மீதியெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை, முடிவு காணாதவையும் அதில் உண்டு. ஆனால் விண்ணப்பம் வேறு, நிரூபணம் வேறு. நாட்டில் போட்ட கொவிட் ஊசி மட்டுமே பத்துக் கோடிக்கு மேல்.

"வழக்கே போட ஏலாது" என்பது அமெரிக்காவின் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தை அரைகுறையாகக் கேட்டு வந்த கதை. இங்கே நீதிமன்றக் கதவு திறந்துதான் இருக்கிறது. கவனயீனத்தை நிரூபிப்பதுதான் கடினம்.

ஊசியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் பொய்தான். அஸ்ட்ராசெனெகா முதல் ஊசியை ஒன்ராறியோ 2021 மே 11 இல் நிறுத்தியதே, ஏறத்தாழ 60,000 பேரில் ஒருவருக்கு ஆபத்தான இரத்தக்கட்டி வந்ததால்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. திட்டத்தை நடத்திய ஒக்சாரோ நிறுவனம் பெற்ற 5 கோடி டொலருக்கு மேற்பட்ட பணத்தில் 3.37 கோடி நிர்வாகத்துக்கே போனது, பாதிக்கப்பட்டவர் கைக்கு வந்தது 1.69 கோடி என்று 2025 இல் குளோபல் நியூஸ் வெளிக்கொணர்ந்தது. தேத்தண்ணிக் கடையில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஊசிக்குப் பின் பாரதூரமான, மாறாத பாதிப்பு இருந்தால் குடும்ப வைத்தியரிடம் திட்டத்தின் படிவத்தோடு போங்கள். விண்ணப்பிக்க மூன்று ஆண்டுகள்தான் தவணை.