எரிக்க வேண்டியது குறிப்பேட்டை அன்று

சென்ற மாதம், ஒரகடம் சாலையை ஒட்டிய நம் வாடகைக் குடியிருப்புகளுள் ஒன்றில், மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை மொட்டை மாடிக்குச் சென்று தம் மகனுடைய இருநூறு பக்க நோட்டுப் புத்தகத்தைக் கொளுத்தினார். அதனோடு பத்தொன்பது பட அட்டைகளும் எரிந்தன. பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் அழவில்லை என்று சொன்னார்கள். அழுதிருந்தால் நமக்கு இவ்வளவு வருத்தம் ஏற்பட்டிருக்காது.

அந்த நோட்டை நாம் முன்பே கண்டிருக்கிறோம். பிக்காச்சு என்னும் மஞ்சள் நிறக் கற்பனைப் பிராணியை அறியாத பிள்ளை இன்று நம் தெருவில் இல்லை. அது இடம்பெற்ற ஒவ்வொரு அட்டையையும் பட்டியலிடுவது என்று அவன் முடிவு செய்து இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்தான். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தான். அட்டையின் எண், அது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, வெளிவந்த ஆண்டு, வரைந்தவர் பெயர் ஆகிய நான்கையும் அடுத்துக் கடைசிக் கட்டத்தில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. முதல் வரியில் 1999ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் தொகுப்பின் அட்டை: 102இல் 58ஆவது, வரைந்தவர் மிட்சுஹிரோ அரிட்டா. அதே அட்டையின் தொடக்க அச்சுகளுள் கன்னம் சிவப்பாகவும் பின்னர் வந்தவற்றில் மஞ்சளாகவும் இருப்பதை அறிந்து, அதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தான். அடுத்து, அதே ஆண்டின் ‘ஜங்கிள்’ தொகுப்பில் 64இல் 60ஆவது. இவ்வாறு 312 வரிகள். அவற்றுள் ‘உண்டு’ என்று இருந்தவை பத்தொன்பதே. எஞ்சியவை எல்லாம் ‘இல்லை’.

இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். தன்னிடம் இல்லாத 293 பொருள்களைப் பற்றிப் பொறாமையின்றிப் பிழையின்றி எழுதிவைத்த பிள்ளையை, பொருளாசை பிடித்தவன் என்று தண்டித்திருக்கிறோம்.

தந்தையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். அவர் கேட்ட பயானில் மூன்று செய்திகள் சொல்லப்பட்டன. அம்மூன்றும் இப்பகுதியில் வீட்டுக்கு வீடு கைப்பேசியில் சுற்றுகின்றன. ஆகவே வெளிப்படையாகவே பேசிவிடுவோம்.

முதலாவது, ‘போக்கிமான்’ என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் ‘நான் யூதன்’ என்று பொருளாம். இது பொய். ‘பாக்கெட் மான்ஸ்டர்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் தம் வழக்கப்படி சுருக்கியதே அப்பெயர். சட்டைப்பையில் அடங்கும் விசித்திரப் பிராணி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன் அரபு நாடுகளில் கிளம்பிய இந்த வதந்தி, மறுக்கப்பட்டும் மடியாமல், இப்போது ஸ்ரீபெரும்புதூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் இருக்கிறது. அந்த வசனத்தை விளக்கி எத்தனை ஜும்ஆ உரைகள் கேட்டிருப்போம்! ‘ஃபார்வர்ட்’ பொத்தானை அழுத்தும்போது மட்டும் அது ஏனோ நினைவுக்கு வருவதில்லை. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் பொய், மற்றப் பொய்யைவிடக் கனமானது.

2001 மார்ச்சில் சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள் இந்த விளையாட்டையும் அட்டைகளையும் தடை செய்தது உண்மை. அன்றைய தலைமை முஃப்தி ஷைக் அப்துல் அஸீஸ் ஆலுஷ் ஷைக் அவர்களின் பெயரோடு அச்செய்தி உலகெங்கும் பரவியது. அவர்கள் எடுத்துரைத்த காரணங்களுள் அட்டைகளில் காணப்படும் சின்னங்கள் பற்றிய ஐயமும் ஒன்று. அது நமக்கு வலுவானதாகத் தோன்றவில்லை. ஆனால் இதில் சூதாட்டத்தின் சாயல் இருக்கிறது என்று அவர்கள் சொன்னது கனமான சொல். நம் ஊரில் நேர்ந்தது என்ன? வலுவற்றதைப் பிடித்துக்கொண்டு வலுவானதை விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டாவது, இல்லாத பிராணியின் உருவத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்பது. உருவங்கள் குறித்து அறிஞர்களிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் துணியால் செய்த இரண்டு சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று இருந்ததும், குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அவர் பதில் சொன்னதும், அது கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. அந்தச் சிரிப்பை நாம் எங்கே தொலைத்தோம்?

மூன்றாவது, இது வீண் வேலை என்பது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் என்பதுதான் வியப்பு. அந்தத் தந்தையையே எடுத்துக்கொள்வோம். அவர் கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பின் கார்டு தொங்குகிறது. வந்தது எத்தனை, போனது எத்தனை, இருப்பு எத்தனை, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று அதில் எழுதுவதே அவருடைய தொழில். ஒரு பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மாறினால் வேறொரு மாடலின் பாகம் லைனுக்குப் போய்விடும், லைன் நின்றுவிடும், அடுத்த ஷிப்டுக்குள் விளக்கக் கடிதம் கேட்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார்கள் உருவாகத் தொடங்கியதிலிருந்து, 2010இல் ஒரகடத்தில் அடுத்த பெரிய ஆலை வந்ததிலிருந்து, இந்தச் சாலையின் இருமருங்கும் பட்டியலால்தான் சோறு உண்கிறது. கன்னம் சிவப்பா மஞ்சளா என்று பார்த்து இரண்டு வரி ஒதுக்கிய பையன், தந்தை சம்பளத்துக்குச் செய்யும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தான். தந்தைக்கு அது தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

பட்டியலிடுவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பாக்தாத் நகரத்துப் புத்தக வியாபாரி இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987 வாக்கில், தாம் கேள்வியுற்ற நூல்களையெல்லாம் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்ற பெயரில் தொகுத்தார். பத்துப் பகுதிகள் கொண்ட அந்நூலின் எட்டாம் பகுதி கட்டுக்கதைகளுக்கும் இரவுக் கதைகளுக்கும் மாயவித்தை நூல்களுக்கும் உரியது. ஆயிரத்தோர் இரவுகளுக்கு முன்னோடியான பாரசீகக் கதைத் தொகுதியைத் தாம் படித்ததாகவும் அது சுவையற்ற நூல் என்றும் அவர் எழுதுகிறார். சுவையற்றது என்று சொன்னாரேயன்றிப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை, கொளுத்தவுமில்லை. அவர் பெயரிட்ட நூல்களுள் மிகப் பல இன்று இல்லை. அவை இருந்தன என்று நமக்குத் தெரிவதற்கு அவருடைய பட்டியலே சான்று.

நம் தமிழ்நாட்டிலும் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கியவர். புத்தகங்களும் இதழ்களும் மட்டுமல்ல, நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று மற்றவர் குப்பையில் போடுவதையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கிப் பாதுகாத்தது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. காகிதம் சேர்த்த காலத்தில் அவரிடமும் யாராவது இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருப்பார்கள்.

பையனின் நோட்டு இவற்றுக்கு நிகர் என்று நாம் சொல்லவில்லை. பழக்கம் ஒன்றே என்கிறோம்.

இனி, சூதாட்டத்துக்கு வருவோம். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே உள்ள பேன்சி ஸ்டோரில் தொங்குகிறதே, மூடிய பாக்கெட், அதுவே இங்குள்ள நோய். உள்ளே என்ன அட்டை இருக்கிறது என்று வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அரிய அட்டை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த ‘லாம்’ என்ற விகுதியைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறோம். துணியை விரித்துப் பார்க்காமல் தொட்டவுடன் விலை முடிந்துவிடும் ‘முலாமஸா’ வியாபாரத்தையும், பொருளை எறிந்தவுடன் விலை முடிந்துவிடும் ‘முனாபதா’ வியாபாரத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் வருகிறது. ஒட்டப்பட்ட பாக்கெட்டில் தொட்டுப் பார்ப்பதற்குக்கூட வழியில்லை. எப்படியும் சில அட்டைகள் உள்ளே இருக்கின்றனவே, பணம் முழுதும் போகவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் ஒருநாள் மாலை நான்கரை மணிக்கு அந்தக் கடை வாசலில் நிற்கட்டும். பிரித்த பிள்ளை வேண்டாத அட்டைகளைக் காலடியில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போவதைக் காண்பார்கள். அல்மாயிதா 90ஆம் வசனம் மதுவோடு ஒரே வரிசையில் வைத்து விலக்கியது இந்த மனநிலையை அல்லாமல் வேறு எதை?

அதற்கு மேல் இன்னொன்று. சில நூறு ரூபாய்க்கு ஐம்பத்தைந்து ‘தங்க’ அட்டைகள் என்று பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அனைத்தும் போலி. இதை நமக்குச் சொன்னவன் அந்தப் பையன்தான். அட்டையில் அச்சிட்ட எண் எந்தத் தொகுப்பிலும் பொருந்தவில்லை என்று நோட்டைப் புரட்டிக் காட்டினான். ஏமாற்று வியாபாரத்தைக் கண்டுபிடித்த நோட்டு எரிந்தது. ஏமாற்றுச் சரக்கு இன்றும் கடையில் தொங்குகிறது. கடைக்காரர் நம் ஜமாஅத்தார். முதல் வரிசையில் தொழுபவர்.

பட்டியல் வைத்திருக்கும் பிள்ளை மூடிய பாக்கெட் வாங்குவதில்லை. அவனுக்கு எது வேண்டும் என்று தெரியும். பெயரும் எண்ணும் சொல்லிக் கேட்பான். கண்ணால் பார்த்து வாங்குவான். இரட்டையாக இருப்பதைத் திறந்த கையோடு நண்பனிடம் மாற்றிக்கொள்வான். அதில் அறியாமையும் இல்லை, பந்தயமும் இல்லை. ஆகவே மார்க்கத்தின் கண்ணோடு பார்த்தாலும் அந்த நோட்டு நோயின் பக்கம் இல்லை, மருந்தின் பக்கம் இருந்தது.

பெரியவர்களாகிய நமக்கும் ஒரு சொல். 1998இல் ஜப்பானில் ஓவியப் போட்டிப் பரிசாக வழங்கப்பட்ட ஒரு பிக்காச்சு அட்டையை 2021இல் அமெரிக்கர் ஒருவர் 52,75,000 டாலருக்கு வாங்கினார் என்ற செய்தியைப் படித்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். சரி. வரிசை எண் 786 என்று முடியும் பத்து ரூபாய் நோட்டை நூறு மடங்கு விலைக்கு வாங்கிப் பர்ஸில் வைத்திருப்பவர் யார்? வண்டிக்கு அதே எண் வேண்டும் என்று தரகருக்குப் பணம் கொடுப்பவர் யார்? நம் வீட்டில் யாரும் அந்த நோட்டுகளைக் கொளுத்தியதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பது இவ்வளவே. மூடிய பாக்கெட்டை வீட்டுக்குள் விடாதீர்கள். காரணத்தைப் பிள்ளையிடம் அமர்ந்து சொல்லுங்கள். வென்றவன் அட்டையை எடுத்துக்கொள்ளும் ஆட்டத்தைத் தடுங்கள். எதை வாங்கினாலும் பார்த்து வாங்கப் பழக்குங்கள். தொழுகை நேரமும் பாட நேரமும் தவறினால் நோட்டை மூடி எடுத்து வையுங்கள், தவறில்லை. நிர்வாகிகளிடம் கேட்பது வேறு: பயானில் ஒரு பொருளை ஹராம் என்று சொல்லுமுன், சொல்லப்போகும் செய்தி உண்மையா என்று ஒருவராவது விசாரித்திருக்க வேண்டும், கடைக்காரரிடம் ஒருவராவது போய்ப் பேச வேண்டும். இரண்டாவது வேலைக்கு நாமே மூவர் போனோம். தங்க அட்டைகளை எடுத்துவிடுவதாகச் சொன்னார். இதை எழுதும் நாள் வரை எடுக்கவில்லை.

நாம் பேசிய பின் தந்தை ஒரு வார காலம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ஷிப்டு முடித்து வந்த கையோடு, கெட்டி அட்டை போட்ட நீளப் பதிவேடு ஒன்றை வாங்கிவந்து பையன் முன் வைத்தார். கட்டங்களை அவரே போட்டுத் தந்தார். ‘இருப்பு’ என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாகவும் சேர்த்தார். “மனப்பாடமா இருக்கா?” என்று கேட்டாராம். “கொஞ்சம் இருக்கு அத்தா” என்றானாம்.

இதுவரை நாற்பத்தொரு வரிகள் ஏறியிருக்கின்றன. சிவப்புக் கன்னத்துக்கும் மஞ்சள் கன்னத்துக்கும் தனித்தனி வரி இருக்கிறது. ‘உண்டு’ என்று ஒன்றுகூட இல்லை.