ஊக்க மருந்தும் ரண ஜன்னியும்

டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னியைத் தடுக்கும் பணியில் புனே நகருக்குச் சிறப்பிடம் உண்டு. 1966-இல் அங்குத் தொடங்கப்பெற்ற சீரம் இன்ஸ்டிடியூட், முதலில் தயாரித்தது குதிரைகளிடமிருந்து பெறப்படும் ரண ஜன்னி எதிர்ச் சீரமே. அதே நகரில் 2020-க்குப் பிந்திய ஆண்டுகளில் வேறோர் ஊசி மருந்து போலீசாரிடம் பிடிபட்டு வந்துள்ளது. அறுவைச் சிகிச்சையின்போது தாழும் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதற்கு மருத்துவர் கையாளும் மெஃபென்டெர்மின் என்னும் அம்மருந்தை, உடற்பயிற்சிக் கூடம் செல்லும் இளைஞர் சிலர் களைப்புத் தோன்றாதிருக்கத் தாமே செலுத்திக்கொள்கின்றனர்.

இதனால் இதயத்திற்கும் மனத்திற்கும் விளையும் கேட்டைப் பலரும் அறிவர். ஊசித் துளையால் வரக்கூடிய கேட்டை எண்ணுவோர் சிலரே. மருந்து தானாக ரண ஜன்னியை உண்டாக்காது. தூய்மையற்ற ஊசியும் தோலுமே கிருமிக்கு வழி திறக்கின்றன. மண்ணிலும் சாணத்திலும் பல்லாண்டு அழியாதிருக்கும் அதன் வித்துக்கள், பிராணவாயு குறைந்த ஆழ்ந்த புண்ணில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு நரம்புகளைத் தாக்க, தாடை இறுகும். உடல் வில்லென வளையும். பிரிட்டனில் 2003, 2004 ஆண்டுகளில் ஊசிவழிப் போதைப் பழக்கமுடையோரில் இருபதுக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களிடையே பெரிதும் வழங்கியது ஹெராயின். எனினும் ஊசியின் அபாயம் எம்மருந்துக்கும் பொதுவாகும்.

இந்தியாவில் தாய்சேய் ரண ஜன்னி ஒழிக்கப்பட்டமை 2015-இல் உறுதி செய்யப்பட்டது. அப்பெருஞ் சாதனை வளர்ந்த ஆண்களுக்குக் காப்பாகாது. தேசிய அட்டவணைப்படி 10, 16 வயதுகளில் தடுப்பூசி உண்டு. பெண்களுக்குக் கருவுற்ற காலத்திலும் உண்டு. ஆண்களுக்கோ 16-க்குப் பின் வழக்கமான தவணை இல்லை. படிப்பை இடையில் நிறுத்திய சிறுவன் அந்த 16-ஆம் வயதுத் தவணையையும் இழக்கக்கூடும். இந்நோய் ஆளுக்கு ஆள் தொற்றுவதன்று. ஆதலால் ஊரார் அனைவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டாலும், போட்டுக்கொள்ளாத ஒருவனை அது காவாது.

எனவே ஊக்க மருந்தின் கள்ள விற்பனையைத் தடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. பழக்கமுடையோரைப் பழித்தால் அவர்கள் புண்ணை மறைப்பர், மருத்துவரை அணுகார். களப்பணியாளர் அவர்களிடம் கனிவுடன் பேசித் தடுப்பூசி விவரத்தைக் கேட்டறிதல் வேண்டும். வாய் திறக்க இயலாமை, கழுத்து விறைப்பு ஆகியன தோன்றின் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ஆசிரியர்கள், பள்ளியை விட்டு நீங்கிய பிள்ளைகளின் பெயர்களைச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தால், விடுபட்ட தவணை அவர்களைத் தேடிச் செல்லும். உலகிற்கே தடுப்பூசி வழங்கும் நகரில் ஓர் இளைஞன் அது கிட்டாமல் மடிதல் தகாது.